பிழை விட்டுத் தேடினாலும் கிடைக்க வேண்டும்

உங்களில் எத்தனை பேருக்கு 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எங்கும் பார்க்காமல் எழுத வரும்? வாயால் சொல்வது பெரிய விஷயம் இல்லை. எழுதச் சொன்னால்தான் கை நிற்கும். ழ-வா, ள-வா? ணா-வா, னா-வா? லண்டனில் பிறந்து, சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ப் பள்ளிக்குப் போய், வீட்டில் அம்மம்மாவோடு கதைத்துத் தமிழ் வளர்த்தவர்களுக்கு இது சாதாரணம். அம்மம்மாவே அதை 'யாள்ப்பாணம்' என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணப் பேச்சில் ழ எப்போதோ ள-வோடு கலந்துவிட்டது. காதால் படித்த பிள்ளை அப்படித்தானே எழுதும்?

இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. நிறுவனங்களின் பழைய ஆவணங்களைக் கணினிக்குள் கொண்டுவந்து, தேடுகிறவர் கையில் அவை கிடைக்கும்படி அமைத்துக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. அந்தக் கண்ணோடு நம்முடைய எண்ணிம நூலகங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. நாம் ஸ்கான் செய்வதைப் பற்றி நிறையக் கதைக்கிறோம். எத்தனை ஆயிரம் பக்கம் ஏற்றினோம் என்று மேடையில் சொல்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடி வரப்போகும் எட்மண்டன் பிள்ளை, தேடல் பெட்டிக்குள் என்ன எழுதும் என்று யோசிப்பது குறைவு. திறந்த அணுக்க நூலகத்தை வடிவமைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போனதையும் ஒவ்வொரு வருடமும் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1998 பொங்கலை ஒட்டி, சுவிற்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2005இல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. புத்தகம், பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர் எல்லாம் உண்டு. பெரும்பாலானவற்றைக் காசு கொடுக்காமல், கணக்குத் திறக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பெரிய பல்கலைக்கழகங்கள் பல இதைச் செய்யத் தயங்கிய காலத்தில் தொடங்கிய வேலை இது.

'திறந்த அணுக்கம்' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவும் இறக்கவும் பகிரவும், இணையத்தை அடைவதைத் தவிர வேறு எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்றது. பணம் தடை, சட்டம் தடை, தொழில்நுட்பம் தடை. சரிதான். ஆனால் அந்த அறிக்கையை எழுதியவர்களுக்குத் தேடும் மொழியில் எழுத்துப் பிரச்சினை இல்லை. நமக்கு இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, பூட்டு இல்லை, காவலாளி இல்லை. ஆனால் உள்ளே போகும் முன் ஒரு சொல்வதெழுதல் பரீட்சை இருக்கிறது. அந்தப் பரீட்சையில் இரண்டாம் தலைமுறை முழுக்கத் தோற்கும்.

எழுத்துப் பிழை இல்லாதவர்களும் தோற்பார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. பாமினி எழுத்துருவை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பல வருடங்களாகத் திருமண அழைப்பிதழ் முதல் பத்திரிகை வரை அதில்தான் அச்சாகியது. பாமினியில் நீங்கள் திரையில் பார்ப்பது தமிழ். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகள். 'த' தெரியும் இடத்தில் உண்மையில் 'ஜே' இருக்கிறது. 'ம' தெரியும் இடத்தில் 'கே' இருக்கிறது. அப்படிச் செய்த பிடிஎஃப் கோப்பில் 'தமிழ்' என்று யுனிக்கோடில் தேடினால், பக்கம் முழுக்கத் தமிழ் தெரிந்தாலும் கணினி 'இல்லை' என்று சொல்லும். இருபது வருடப் பத்திரிகைகளை அப்படியே ஏற்றி வைத்துவிட்டு 'ஆவணப்படுத்திவிட்டோம்' என்று நிம்மதியாக இருக்கும் அமைப்புகள் உண்டு. மாற்றி எழுத மென்பொருள் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வேலை. யாரும் செய்வதில்லை, ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

யுனிக்கோடே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒற்றை வரி நிரல் இல்லாவிட்டால், பாதிப் புத்தகங்கள் தொலைந்த மாதிரித்தான். இன்னொன்று, ஔவையார். 'ஔ' ஒரு தனி எழுத்து. ஆனால் நிறையப் பேர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு 'ஒள' என்று தட்டுவார்கள். பார்க்க அதே மாதிரித்தான். கணினிக்கு அது ஔவையார் இல்லை, வேறொருத்தி.

இனி ஊர்ப் பெயர்களுக்கு வாருங்கள். கனடாவில் உங்கள் மாமா இருக்கும் நகரம் எது? ஈழத்து எழுத்தில் ரொறன்ரோ. தமிழ்நாட்டு எழுத்தில் டொராண்டோ. நாங்கள் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'டி' ஒலிக்கு ர போடுகிறோம்: ரெலிபோன், ரீவி, ரொறன்ரோ. அவர்கள் ட போடுகிறார்கள். இரண்டும் பிழை இல்லை, இரண்டுக்கும் நீண்ட வழக்கு இருக்கிறது. அங்குள்ள தமிழ் இதழ் ஒன்றைத் தேடும் சென்னை மாணவர் டொராண்டோ என்று எழுதுவார், வெறும் பக்கம் வரும். எங்கள் ஊரையே எடுங்கள். எட்மண்டன், எட்மன்டன், எட்மன்ரன் என்று மூன்று விதமாக நானே அழைப்பிதழ்களில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் தேடினால் தப்பலாம் என்று நினைப்பீர்கள். அதுவும் ஒரு காடு. மேற்கு நாடுகளின் பெரிய நூலகங்கள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள் ரோமன் எழுத்தில், ஒரு குறிப்பிட்ட முறைப்படி பதிவாகியிருக்கும். அந்த முறையில் ழ என்றால் 'எல்' எழுத்து, அதன் கீழே ஒரு கோடு. ள என்றால் 'எல்', கீழே ஒரு புள்ளி. நீங்களும் நானும் ழ-வுக்கு இசட்டும் எச்சும் போட்டுப் பழகியவர்கள். 'தமிழ்' என்பதற்கு அந்தக் கடைசி எழுத்தே சாட்சி. நூலகவியல் படித்தவருக்கு மட்டும் தெரிந்த கோடும் புள்ளியும், எட்மண்டன் கிரீனில் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் தேடுகிற பதினாறு வயதுக்காரிக்கு எப்படித் தெரியும்?

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பெயர்களை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு மருந்தாக 'சவுண்டெக்ஸ்' என்ற முறை வந்தது. 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒலிக் குடும்பங்களாகப் பிரித்து எண் கொடுப்பது அதன் வேலை. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் ஒரே எண்ணில் விழும். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளைத் தேட அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்கு அளந்து தைத்த சட்டை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து போன யூதர்களின் பெயர்களுக்குப் பொருந்தவில்லை. அதனால் 1985இல் ராண்டி டேட்ச், கேரி மொக்கொட்டோஃப் என்ற இரண்டு யூதக் குடிவழி ஆய்வாளர்கள் தங்கள் சமூகத்துப் பெயர்கள் ஒலிக்கும் விதத்துக்கு ஏற்ப ஒரு புது முறையைச் செய்தார்கள். போரில் சிதறி, நாட்டுக்கு நாடு பெயர் எழுத்து மாறிப்போன குடும்பங்களைத் தேட அது இன்றும் பயன்படுகிறது.

எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். சிதறிப்போன ஒரு சமூகம், 'எங்கள் பெயரை ஒழுங்காக எழுதுங்கள்' என்று உலகத்தைத் திருத்தப் போகவில்லை. எப்படி எழுதினாலும் தன் ஆட்களைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்துகொண்டது.

தமிழுக்கு அதைச் செய்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. ன, ண, ந மூன்றையும் ஒரு குடும்பம் ஆக்குங்கள். ர, ற ஒன்று. ல, ள, ழ ஒன்று. குறில் நெடில் வித்தியாசத்தைத் தள்ளிவிடுங்கள், இரட்டித்த மெய்யை ஒன்றாக்குங்கள், சொல்லின் முதலில் வரும் ர-வையும் ட-வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இப்படி ஒரு 'சாவி'யைச் செய்து தரவுத்தளத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், தேடும் சொல்லுக்கும் அதே சாவியைச் செய்து பொருத்தலாம். ஆங்கில எழுத்தில் எழுதியதையும் அதே சாவிக்குக் கொண்டுவரலாம். இசட்-எச் போட்டவரும் வெறும் எல் போட்டவரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். கணினி அறிவியல் படிக்கும் எந்தத் தம்பியும் தங்கச்சியும் ஒரு கோடை விடுமுறையில் முதல் வடிவத்தை எழுதிவிடலாம்.

ஆனால் விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இப்படித் தளர்த்தினால் மனமும் மணமும் ஒன்றாகும். கலையும் களையும் ஒன்றாகும். அறம் தேடுகிறவருக்கு இரும்பு தேய்க்கும் அரமும் வந்து விழும். அதனால் நான் எங்கும் தளர்த்தச் சொல்ல மாட்டேன். புத்தகத் தலைப்பு, ஆள் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றில் தளர்த்துங்கள். அங்கே சொற்கள் குறைவு, தவறாக வருவதும் குறைவு. புத்தகத்தின் உட்பக்கங்களில் தேடும்போது இறுக்கமாகவே இருக்கட்டும். சரியாகப் பொருந்தியவை மேலே வரட்டும். தளர்த்திக் கிடைத்தவை கீழே, 'இதையா தேடினீர்கள்' என்ற கேள்வியோடு வரட்டும்.

இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். "பிழையாக எழுதுகிறவனுக்கு வசதி செய்து கொடுத்தால் பிறகு யார் சரியாக எழுதப் படிப்பான்?" என்று கேட்பார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்கு விளங்குகிறது. ஞாயிறு கூட நேரம் ஒதுக்கி எங்களுக்குத் தமிழ் எழுதப் பழக்கியவர்கள் அவர்கள். ஆனால் தேடல் பெட்டி பரீட்சை மண்டபம் இல்லை. 'யாள்பானம்' என்று எழுதிய பிள்ளைக்கு முப்பது புத்தகங்கள் வந்து, முப்பது அட்டையிலும் 'யாழ்ப்பாணம்' என்று இருந்தால், அதைவிட நல்ல சொல்வதெழுதல் பாடம் எது? ஒன்றும் கிடைக்காத வெறும் பக்கம் எதையும் படிப்பிப்பதில்லை. 'இங்கே உனக்கு ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்லும்.

மென்பொருள் மட்டும் போதாது. பொருளோடு சேர்ந்து வரும் விவரம்தான் பாதி நூலகம். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, மொழி, உரிமை என்று பதினைந்து அடிப்படை விவரங்களைக் கொண்ட 'டப்ளின் கோர்' என்ற பட்டியலின் வேலை 1995இல் தொடங்கியது. (அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் டப்ளின். ஊர்ப் பெயர்கள் நம்மை ஏமாற்றுவதற்கு இதுவே நல்ல உதாரணம்.) நம்முடைய காகிதங்களுக்கு அந்தப் பதினைந்தைப் பொருத்துவதில் சுவையான சிக்கல்கள் வரும். கல்வெட்டை எடுங்கள்.

கோயில் சுவர்க் கல்வெட்டைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைச் சொல்கிறேன். வாழ்க்கை வரலாறு, தேவாரம் திருவாசகம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிய இரங்கல், கடைசியில் வம்சாவளி. ஃபோர் ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கத் தெருக்களிலும் உள்ள தமிழ் வீடுகளில் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கும் அலுமாரியைத் திறந்தால் நாலைந்தாவது இருக்கும். கடையில் விற்காது, பதிப்பக எண் கிடையாது, எந்தப் பொது நூலகமும் வாங்காது. ஆனால் ஒரு கிராமத்தில் யார் யாரை மணந்தார், யார் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார், எந்தப் பள்ளிக்கூடத்தை யார் கட்டினார் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். வேறெங்கும் இருக்காது. நூலகம் திட்டம் இவற்றை 'நினைவு மலர்கள்' என்று தனி வகையாகவே சேர்க்கிறது. நல்ல முடிவு.

இந்தப் புத்தகத்துக்கு ஆசிரியர் யார்? இறந்தவரா, 'குடும்பத்தினர்' என்று கையெழுத்திட்டவர்களா? தலைப்பு என்ன? எல்லாக் கல்வெட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்புத்தான். ஆளின் பெயருக்கு முன்னால் உள்ள ஊரும், வெளியான ஆண்டும்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கும். ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. கல்வெட்டில் 'எட்மண்டன்' என்று இருந்தால் எந்த எட்மண்டன்? கனடாவின் அல்பேர்ட்டாவிலும் ஓர் எட்மண்டன் உண்டு, அங்கேயும் தமிழர் உண்டு. ஹட்சன் பே கம்பனி 1795இல் அங்கே அமைத்த வணிகக் கோட்டைக்கு எங்கள் எட்மண்டனின் பெயரைத்தான் வைத்தார்கள். இருபது வருடம் கழித்துத் தன் பூட்டியின் தம்பியைத் தேடும் ஒருவர் அட்லாண்டிக்கின் பிழையான கரையில் தேடிக்கொண்டிருப்பார். இதற்குத் தீர்வு, ஊரைச் சொல்லாக மட்டும் வைக்காமல் ஓர் அடையாள எண்ணோடும் சேர்த்து வைப்பது. விக்கித்தரவில் இரண்டு எட்மண்டனுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. அந்த எண்ணோடு ரொறன்ரோ, டொராண்டோ போன்ற எல்லா எழுத்து வடிவங்களையும் கட்டி வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கட்டியதைச் சிங்கப்பூர் நூலகமும் எடுத்துக்கொள்ளலாம்.

திறந்த அணுக்கத்தின் பெரிய ஆதரவாளன் நான். ஆனாலும் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வம்சாவளியில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும், அவர்கள் இருக்கும் நாடும், சிறு பிள்ளைகளின் பெயரும் இருக்கும். அதைத் தேடத்தக்கதாக உலகம் முழுக்கத் திறந்துவிட யாருக்கு உரிமை? வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாக அம்மாவின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயரைக் கேட்கும் நாடு இது. புத்தகம் திறந்திருக்கட்டும், அந்த ஒரு பக்கம் மட்டும் சில பத்தாண்டுகள் மூடியிருக்கட்டும் என்பது என் விருப்பம். ஒரு பக்கத்தை மட்டும் தடுத்து வைக்க முடியாத அமைப்பு, அரைகுறை அமைப்பு.

மூடுவதைப் பற்றிச் சொன்னதால் வேறொரு விதமான மூடலையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் ஊர்ச் சங்கம் தன் இருபது வருட மலர்களை, பக்கம் புரளுவது போலத் தெரியும் ஃபிளாஷ் புத்தகமாகப் போட்டிருந்தது. இறக்க முடியாது, நகலெடுக்க முடியாது, "யாரும் களவெடுக்கக் கூடாது" என்றார்கள். 2020 முடிவோடு ஃபிளாஷ் நிறுத்தப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு சாம்பல் பெட்டி மட்டும் தெரிகிறது. களவெடுத்திருந்தால் ஒரு பிரதியாவது மிஞ்சியிருக்கும்.

பெரிய இடங்களும் பாதுகாப்பு இல்லை. 2023 அக்டோபர் கடைசியில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று தாக்கியது. எட்மண்டன் கிரீனிலிருந்து ரயிலிலேறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இடம். கட்டடம் நின்றது, புத்தகங்கள் அலுமாரியில் இருந்தன, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் இணையப் பட்டியல் போய்விட்டது. தேடக்கூடிய பட்டியல் திரும்ப 2024 ஜனவரி நடுப்பகுதி ஆனது. தேட வழியில்லாத நூலகம் எப்படி இருக்கும் என்பதை லண்டன் ஆய்வாளர்கள் அந்த இரண்டரை மாதத்தில் அனுபவித்தார்கள். பல தமிழ் வாசகர்களுக்கு அது நாளாந்த அனுபவம்.

அதனால் பட்டியலையும் நகலெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஸ்கான் செய்த படங்கள் பாரமானவை, ஆனால் ஒரு லட்சம் புத்தகங்களின் விவரப் பட்டியல் உங்கள் போனில் உள்ள காணொளிகளைவிடச் சின்னது. ஒரு நூலகம் தன் பட்டியலை இன்னொரு நூலகம் தானாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்க 2001இலிருந்து பொதுவான நெறிமுறை இருக்கிறது. அதை இயக்காத எந்தத் தமிழ் எண்ணிம நூலகமும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்குப் பாதித் திறப்புத்தான்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, அதுவும் இந்தக் கிழமையே தொடங்கலாம். நான் சொன்ன ஒலிச் சாவியைச் சோதிக்க உண்மையான பிழைகள் வேண்டும். பண்டிதர்கள் தரக்கூடிய பட்டியல் இல்லை அது, உங்களிடம்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கும் அழைப்பிதழ், கல்வெட்டு, பாஸ்போர்ட், பழைய வான்கடிதம் எல்லாவற்றையும் எடுத்து, உங்கள் குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தமிழில் ஒரு நிரல், ஆங்கில எழுத்தில் ஒரு நிரல் என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் முழுப்பெயர் வேண்டாம், பெயரின் ஒரு பகுதி போதும். அம்மம்மா சொல்லும் விதத்தையும், அது எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும், காதில் விழுந்தபடியே கடைசி வரியில் எழுதி வையுங்கள்.